மடிமேசை செய்யும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவத்தில் 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகள் கைவினை வகுப்பில் ஆளுக்கொரு மடிமேசை செய்யப் போகிறார்கள். மேலே ஒரு பலகை, அடியில் மெத்தென்ற ஒரு பை, அவ்வளவுதான். மடியில் வைத்துக்கொண்டு எழுதலாம், படிக்கலாம், மடிக்கணினி வைக்கலாம். படுக்கையில் இருப்பவருக்குச் சாப்பாட்டுத் தட்டு வைத்துக் கொடுக்கவும் உதவும். செய்து முடித்ததை வீட்டில் ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும். யாருக்கு என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். அது நீங்களாகவும் இருக்கலாம். அதனால் பிள்ளை இஞ்ச் டேப்போடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், எதற்கு என்று கேட்காதீர்கள்.

அளவு எடுப்பதுதான் இதில் முதல் வேலை. எங்கள் கைவினை ஆசிரியை முதல் வாரம் பலகையைத் தொடவே விடுவதில்லை. பரிசு வாங்கப்போகிறவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, இரண்டு தொடைகளும் சேர்ந்து எவ்வளவு அகலம், வயிற்றிலிருந்து முழங்கால் வரை எவ்வளவு நீளம் என்று குறித்துவர வேண்டும். நாற்காலியில் உட்காருபவரா, கட்டிலில் கால் நீட்டி உட்காருபவரா, சம்மணம் போடுபவரா என்பதும் முக்கியம். சம்மணம் போட்டால் மடி அகலமாகிவிடும். சின்னப் பலகை நடுவில் குழிக்குள் இறங்கிவிடும். பெரியவர்களுக்குப் பொதுவாக 45 செ.மீ. அகலம், 35 செ.மீ. நீளம் உள்ள பலகை சரியாக இருக்கும். ஒரு நோட்டும் அதன் பக்கத்தில் கை ஊன்ற இடமும் கிடைக்கும். தம்பி, தங்கைக்கு என்றால் 38-க்கு 28 போதும்.

அளவோடு பழக்கத்தையும் கவனித்து வரச் சொல்கிறோம். எந்தக் கையால் எழுதுகிறார், கண்ணாடியைக் கழற்றினால் எங்கே வைக்கிறார், பேனா அடிக்கடி கீழே உருளுகிறதா என்றெல்லாம். போன வருடம் 8-ஆம் வகுப்பில் ஒரு மாணவி தன் தாத்தாவுக்காகச் செய்தாள். தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை வராது. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தார். எழுத ஆரம்பித்தால் தாள் நகரும், பிடிக்க இன்னொரு கை இல்லை. இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அளவெடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவளே பார்த்தாள். பலகையின் மேல் மூலைகள் இரண்டிலும் குறுக்காக எலாஸ்டிக் பட்டை இழுத்து, பின்பக்கம் ஆணி அடித்து வைத்தாள். தாளின் மூலைகளை அதற்குள் செருகிவிட்டால் நகராது. பேனா வைக்கும் சட்டத்தை இடப்பக்கம் ஒட்டினாள். பெயர் எழுத மறந்தே போனாள். ஆனாலும் அந்த மேசை அவருடையதுதான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஒருவருக்கென்று செய்வது என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்கும்போது நான் இதைத்தான் காட்டுகிறேன்.

பலகைக்கு 6 மி.மீ. பிளைவுட் வாங்கியிருக்கிறோம். மேலே சொன்ன பெரிய அளவில் வெட்டினால் எடை சுமார் அரைக் கிலோ வரும். தடிமனாக இருந்தால் உறுதி என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படி நினைத்து, பல வருடங்களுக்கு முன் என் அம்மாவுக்கு 18 மி.மீ. பலகையில் ஒன்று செய்தேன். எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டிவிட்டது. கால் மரத்துப்போகிறது என்று அம்மா அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டார். என் மனம் நோகக்கூடாது என்று நான் போகும்போது மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. அதனால்தான் எடை விஷயத்தில் இவ்வளவு சொல்கிறேன்.

பலகையைத் தச்சர் வெட்டித் தந்துவிடுவார், பிள்ளைகள் ரம்பம் பிடிக்க மாட்டார்கள். உப்புத்தாள் தேய்ப்பது முழுக்க அவர்கள் வேலை. முதலில் 120 எண், பிறகு 220. மரத்தின் ரேகை ஓடும் திசையில் தேய்க்க வேண்டும். நம் பக்கம் இருக்கும் விளிம்பை நன்றாக உருட்டித் தேய்க்கச் சொல்கிறோம், ஏனென்றால் மணிக்கட்டு அங்கேதான் படும். பேனா உருளாமல் தடுக்கும் சட்டத்தை எதிர்ப்பக்கமோ பக்கவாட்டிலோ ஒட்டலாம், மணிக்கட்டுப் பக்கம் கூடாது. வண்ணம், வார்னிஷ் எல்லாம் அப்புறம். பளபளப்பில்லாத வார்னிஷ்தான் பூசுவோம். பளபளப்பாக இருந்தால் விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கும்.

இப்போது பை. அதில் பஞ்சு அடைக்கலாமே, ஸ்பாஞ்சு வைக்கலாமே என்று சில பெற்றோர் கேட்டிருந்தீர்கள். இரண்டையும் செய்து பார்த்திருக்கிறோம். பஞ்சு கொஞ்ச நாளில் கட்டி கட்டியாகிவிடும். ஸ்பாஞ்சு தட்டையாகவே இருக்கும், தொடையின் வளைவுக்கு இடம் கொடுக்காது, பலகை வழுக்கிக்கொண்டே போகும். பீன் பேக்கில் போடும் தெர்மோகோல் மணிகள்தான் இதற்குப் பொருத்தம். மடியில் வைத்ததும் மணிகள் நகர்ந்து இரண்டு தொடைகளுக்கும் நடுவில் இறங்கும், பலகை தானாகச் சமமாக உட்காரும். அந்த மணியில் பெரும்பகுதி காற்றுதான், அதனால் எடையும் ஏறாது.

எவ்வளவு நிரப்புவது என்பதில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவார்கள். முழுக்க அடைத்தால் பை பந்து போல ஆகி பலகை ஆடும். குறைவாகப் போட்டால் தொடை பலகையில் இடிக்கும். முக்கால் பை என்பது நல்ல தொடக்கம். பிறகு மடியில் வைத்து, பலகை மேல் ஒரு பென்சிலை வைத்துப் பார்க்க வேண்டும். உருளாமல் நின்றால் சரி. உருண்டால் ஒரு கை மணியை எடுப்பதோ சேர்ப்பதோ செய்ய வேண்டும். ஒரே பென்சிலோடு வகுப்பு முழுக்க மாறி மாறி உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்த ஒரு மணி நேரம் வகுப்பில் சத்தமே இருக்காது.

மணி நிரப்பும் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். லேசான காற்று பட்டாலும் பறக்கும், உடம்பில், துணியில், சுவரில் ஒட்டிக்கொள்ளும். பள்ளியில் மின்விசிறியை நிறுத்தி, சன்னலை மூடி, கையை ஈரமாக்கிக்கொண்டு செய்வோம். பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தைப் பைக்குள் விட்டு ரப்பர் பேண்டால் கட்டிவிட்டு, அதன் வழியாகக் கொட்டினால் சிந்தாது. சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மணியை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டால் மூச்சு அடைக்கும். அதனால் உள்பைக்கு ஜிப் கிடையாது, கெட்டித் தையல் போட்டு நிரந்தரமாக மூடிவிடுவோம். வெளி உறை மட்டும் கழற்றி மாட்டும்படி இருக்கும். தெர்மோகோல் எளிதில் உருகித் தீப்பிடிக்கும் பொருள், அதனால் அடுப்பு, விளக்குப் பக்கம் மடிமேசையை வைக்காதீர்கள்.

வெளி உறைக்கு உங்களிடமிருந்து துணி வேண்டும். புதிதாக வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய பருத்தித் துணி, கொஞ்சம் தடிப்பாக, 60-க்கு 50 செ.மீ. அளவில் இரண்டு துண்டு கிடைத்தால் போதும். சட்டை, போர்வை, திரைச்சீலை எதுவானாலும் சரி, துவைத்துக் காயவைத்து அனுப்புங்கள். துவைக்காத புதுத் துணி முதல் சலவையில் சுருங்கிவிடும், உறை பையில் ஏறாது. யாருடைய துணியோ அவரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள். ஒரு மாணவன் அப்பாவின் பழைய சட்டையைக் கொண்டுவந்து, சட்டைப்பையைப் பிரிக்காமல் அப்படியே பக்கவாட்டில் வரும்படி வெட்டித் தைத்தான். இப்போது அப்பாவின் மூக்குக்கண்ணாடி அந்தப் பையில் இருக்கிறது.

உறை பலகையோடு வெல்க்ரோவால் ஒட்டிக்கொள்ளும். சொரசொரப்பான பகுதி பலகையிலும், மெத்தென்ற பகுதி துணியிலும் வரும். மாற்றி வைத்தால் துவைக்கும்போது மற்ற துணிகளில் மாட்டிக் கிழிக்கும்.

பெயரோ ஒரு வரியோ எழுத விரும்பினால், துணியில் சங்கிலித் தையல் போடலாம், பலகையில் வண்ணத்தால் எழுதலாம். பிள்ளையின் சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் எங்கள் விருப்பம். அச்சடித்து ஒட்டாதீர்கள். இன்னொரு வேண்டுகோளும் உண்டு, மனம் வருந்தாமல் கேளுங்கள். தையல் கோணலாக வந்தது என்று நீங்கள் பிரித்துத் திருப்பித் தைத்துவிடாதீர்கள். வலுவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இழுத்தால் விட்டுப்போகும் இடத்தை விரலால் காட்டுங்கள், பிள்ளையே பிரித்துத் தைக்கும். நேர்த்தியான மடிமேசை கடையில் கிடைக்கும். 12 வயதுப் பிள்ளையின் தையல் கிடைக்காது.

போன வாரம் பிள்ளைகளுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி சொன்னேன். 1825-இல் அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனின் பேத்தி எலனுக்குத் திருமணம் நடந்தது. ஜெஃபர்சனின் பண்ணையில் அடிமையாக வைக்கப்பட்டிருந்த தச்சர் ஜான் ஹெமிங்ஸ் அவருக்காக ஓர் எழுதுமேசை செய்தார். பாஸ்டனுக்குக் கப்பலில் அனுப்பியபோது அது கடலில் போய்விட்டது. ஈடாக ஜெஃபர்சன், 1776-இல் சுதந்திரப் பிரகடனத்தின் வரைவை எழுதப் பயன்படுத்திய தன் சிறிய எழுதுபெட்டியை எலனின் கணவருக்கு அனுப்பினார். அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகள் அந்தப் பெட்டியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. கடலில் போன மேசை எப்படி இருந்திருக்கும், திரும்பச் செய்தாரா, அவருக்கு அழுகை வந்திருக்குமா என்றுதான் கேட்டார்கள். ஹெமிங்ஸ் மனமுடைந்துபோனதை ஜெஃபர்சனே பேத்திக்கு எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

அளவுச் சீட்டும் துணியும் வரும் திங்கட்கிழமைக்குள் வந்தால் நல்லது. வேலை ஐந்து வாரம் நடக்கும். மடிமேசை உங்கள் கைக்கு வந்தால், அழகுப் பொருளாக அலமாரியில் வைத்துவிடாமல் அன்றைக்கே மடியில் வைத்து ஒரு வரி எழுதிப் பாருங்கள். ஆடுகிறதா, உயரம் சரியாக இருக்கிறதா என்று பிள்ளையிடம் உள்ளபடி சொல்லுங்கள். சில மாதங்களில் மணிகள் அழுந்தி, பை தளர்ந்துபோவதும் உண்டு. அப்போது பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். தையலை ஐந்து செ.மீ. மட்டும் பிரித்து, மணி சேர்த்து, உங்கள் பிள்ளையின் கையாலேயே மூடித் தருகிறோம்.

இப்படிக்கு,
அன்புடன்,
தலைமையாசிரியர்