பணம் அனுப்ப வேண்டாம் தம்பி

அன்பு மகனுக்கு,

வீட்டு வரி பற்றிப் போனில் சொன்னதுமே "எவ்வளவும்மா, இப்பவே அனுப்பிடறேன்" என்றாய். அனுப்ப வேண்டாம். அப்பாவின் மில் பென்ஷனில் பாதி எனக்கு வருகிறது, பேங்க் வட்டியும் இருக்கிறது, இழுத்துப் பிடித்தால் கட்டிவிடலாம். என் கோபம் வேறு, அதைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை.

2022 வரை அரையாண்டுக்கு 1,840 ரூபாய் கட்டினோம். அந்த ஏப்ரலில் அரசு ஏற்றியபோது, சென்னையின் பழைய பகுதி தவிர மற்ற ஊர்களில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் போனால் 100 என்று வைத்தார்கள். நம் வீடு 1,720 சதுர அடி, அதனால் 3,220 ஆனது. சரி, 2008-க்கு அப்புறம் ஏற்றவில்லை, 2018-ல் ஏற்றியதையும் அடுத்த வருடமே நிறுத்திவிட்டார்கள், வரியைத் திருத்தினால்தான் உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று மத்திய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு வேறு சொல்லிவிட்டது என்று பேப்பரில் படித்து, முணுமுணுக்காமல் கட்டினேன். ஆனால் உள்ளாட்சித் தேர்தல் அதே வருடம் பிப்ரவரியில்தான் நடந்தது, ஓட்டுக் கேட்டு நம் வாசலுக்கு வந்தவர்களில் ஒருவர்கூட வரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

இப்போது வந்திருப்பது மொட்டை மாடி ஷீட் விவகாரம். ஹால் சீலிங்கில் தண்ணீர் இறங்குகிறது என்று அப்பா கடைசியாகப் போட்டாரே, நாலு இரும்புக் குழாய், மேலே தகரம், ஒரு பக்கமும் சுவர் கிடையாது. அளக்க வந்த இரண்டு பையன்கள் லேசர் கருவியைப் பிடித்துப் பார்த்து அதையும் கட்டடத்தோடு சேர்த்து எழுதிக்கொண்டு போனார்கள். 'துணி காயப்போடும் இடம்ப்பா' என்று நான் சொன்னதை அவர்கள் காதில் வாங்கவே இல்லை. 1,960 சதுர அடி என்று நோட்டீஸ் வந்தது. அந்தத் தகரத்தால் வீடு 1,800-ஐத் தாண்டி 100 சதவீத வகைக்குப் போய்விட்டது, கூடுதல் அடிக்கும் சேர்த்து அரையாண்டுக்கு 4,400-க்கு மேல், பழைய அரையாண்டுகளுக்கு நிலுவை தனி. கேட்கப் போனால் "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு, மனு கொடுங்க" என்கிறார்கள். மனு கொடுத்தேன், பதில் இல்லை.

இதற்கு மேல் வருடத்துக்கு 6 சதவீதம் ஏற்றலாம் என்று விதி, 2024-ல் ஒருமுறை ஏற்றியும் விட்டார்கள், அது அந்த 4,400-லேயே இருக்கிறது. அது வருடா வருடம் நடந்தால் 12 வருடத்தில் வரி இரண்டு மடங்கு. பி.எஃப். பென்ஷனில் பஞ்சப்படியே கிடையாது தம்பி, அப்பா போன அன்று நிர்ணயித்ததுதான் எனக்கு இன்றைக்கும் வருகிறது. வீடு பெரிதாக இருப்பதால் கையில் காசு இருக்கும் என்று எப்படி நினைக்கிறார்கள்? இந்தத் தெருவில் பாதி வீட்டில் என் வயதுக்காரர்கள் தனியாக இருக்கிறார்கள், எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள்.

நீ இருக்கும் டெக்சாஸில் வரி இதைவிடப் பல மடங்கு என்று நீ சொன்னாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மதிப்பு தப்பு என்றால் மே 15-க்குள் எழுதிக் கொடுக்கலாம், முறையீட்டை விசாரிக்கும் போர்டு முன்னால் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக் கணக்கைக் காட்டிப் பேசலாம், 65 வயது ஆனவர்களுக்குப் பள்ளிக்கூட வரி அதற்கு மேல் ஏறாது என்றெல்லாம் சொன்னதும் நீதானே. மேல்முறையீடு இங்கேயும் சட்டத்தில் இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒருவர் வந்து அந்த ஷீட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஏன் சேர்த்தோம் என்று எழுத்தில் சொல்வது. அதற்கப்புறம் நியாயமாக எவ்வளவு வருகிறதோ கட்டுகிறேன்.

நீ வீட்டுக் கடன் வாங்கப் பார்த்தபோது அப்பா இந்த வீட்டின் பிளான் அப்ரூவலை ஸ்கேன் செய்து உனக்கு மெயிலில் அனுப்பினார். அசல் இங்கே பீரோவில் கிடைக்கவில்லை. அதைத் தேடி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, திங்கட்கிழமை பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன். ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் கழிவு, விட்டால் மாதம் ஒரு சதவீதம் வட்டி, அதனால் தள்ளிப்போடாதே. இரண்டாவது பக்கத்தில் மாடி வரைபடம் இருக்கும், அது தெளிவாகத் தெரிய வேண்டும்.

அம்மா