பெரியவர்களுக்கான சீஷத்துவ வகுப்பு: இந்த முறை எப்படி?

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

போன தடவை சீஷத்துவ வகுப்பு (இயேசுவின் சீஷராக வாழக் கற்கும் வகுப்பு) ஏன் பாதியில் நின்றது என்று உட்கார்ந்து யோசித்தோம். ஒருவரே பேசினார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். அது இன்னொரு பிரசங்கம் ஆகிவிட்டது. (பேசியது நான்தான், மன்னிக்கவும்.)

சரி, இந்த முறை வேதாகமத்தில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரங்கள், வாரம் 2 என்று 8 வாரம். ஒரு குழுவில் 8 பேருக்கு மேல் வேண்டாம். கூடினால் கூச்சமுள்ளவர்கள் வாயே திறப்பதில்லை. வீட்டில் வாசித்துவிட்டு, புரியாத ஒரு கேள்வியோடு வாருங்கள். நடத்துபவர் 15 நிமிடம்தான் பேசுவார். அப்புறம் கலந்துரையாடல், ஜெபம். மொத்தம் ஒரு மணி நேரம்.

ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு பேர் பொறுப்பு. அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தில், வேதாகமங்களில் வல்லவனான அப்பொல்லோவுக்கே ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் விவரித்துச் சொல்லவில்லையா? அந்தத் தம்பதி கூடாரம் பண்ணுகிற தொழிலாளிகள். ஆகவே "எனக்கு இறையியல் தெரியாது" என்ற சாக்கு செல்லாது!

புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவர்களைத் தனியாக ஒதுக்காமல் எல்லாக் குழுவிலும் கலந்து போடுகிறோம். சிறுபிள்ளைகள் உள்ளவர்களுக்காக ஞாயிறு பள்ளி நடக்கும் நேரத்திலேயே வகுப்பு. வர முடியாதவர்களுக்கு வாரநாள் மாலையில் ஒரு ஜூம் குழு.

குடும்ப வரவுசெலவு, துக்கத்தில் இருப்பவர்களைத் தேற்றுவது, வயதான பெற்றோரைக் கவனிப்பது ஆகிய வகுப்புகள் இது முடிந்த பிறகு. எது முதலில் வேண்டும் என்று இங்கேயே சொல்லுங்கள்.

பெயரையும் வசதியான நேரத்தையும் சனிக்கிழமைக்குள் பதிவிடவும். அதுவரை பார்வர்டு செய்திகள் வேண்டாம், பெயர்களைத் தேட முடியவில்லை.