வெள்ளைப் பலகையின் மூலையில் ஒரு பாஸ்வேர்டு

அன்புள்ள சரவணா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஒரு மாதத்துக்கு அடுப்பங்கரைப் பக்கம் விடாதே, எவ்வளவு கத்தினாலும் சரி.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஊழியர் கணக்குகளை வைத்திருந்த ஆபீஸ் ஏடி (ஆக்டிவ் டைரக்டரி) சர்வரைத் தூக்கிவிட்டு எல்லாரையும் மைக்ரோசாஃப்டின் கிளவுட் கணக்குச் சேவையான என்ட்ரா ஐடிக்கு மாற்றியாகிவிட்டது, வைஃபையையும் அதோடு கட்டிவிட்டால் முடிந்தது என்று எழுதியிருக்கிறாய். நானும் போன வருடம் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாள் வேலை என்று முதலாளியிடம் வாய் விட்டேன். ஆறு வாரம் ஆனது.

எங்கள் பழைய ஏற்பாடு உனக்குத் தெரியும். நாலு வருடமாக ஒரே பாஸ்வேர்டு, மீட்டிங் ரூம் வெள்ளைப் பலகையின் மூலையில், சுற்றிலும் கட்டம் போட்டு 'அழிக்காதீர்' என்ற குறிப்போடு. வேலையை விட்டுப் போனவர்களுக்கும் தெரியும், கீழே ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் தெரியும்.

முதல் சிக்கல், வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்டுக்கு, 'இவரை உள்ளே விடலாமா' என்று சர்வரைக் கேட்கும் ரேடியஸ் மொழி மட்டும்தான் புரியும், என்ட்ராவுக்கு ரேடியஸ் பேசத் தெரியாது. அது ஆளை விசாரிப்பதெல்லாம் பிரவுசரில். நெட்டே கிடைக்காதவன் பிரவுசரைத் திறந்து என்ன செய்வான்? பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையும் பழைய பீப்-எம்எஸ்சாப் முறைக்குப் பாஸ்வேர்டின் ஹேஷ் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட குறியீடு) வேண்டும், கிளவுட் அதை வெளியே தராது. தராததும் நல்லதுக்குத்தான். அந்த எம்எஸ்சாப் வி2-வை உடைக்க, டெஸ் என்ற பழைய குறியாக்கத்தின் ஒரு சாவியைத் தேடினால் போதும் என்று 2012-இல் டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் காட்டிவிட்டார்.

ஆக, பாஸ்வேர்டுக்குப் பதில் கருவிக்குள்ளேயே வைக்கும் டிஜிட்டல் சான்றிதழ்தான் வழி. அந்த முறைக்குப் பெயர் ஈஏபி-டிஎல்எஸ். மைக்ரோசாஃப்டின் கருவி மேலாண்மைச் சேவையான இன்ட்யூன் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் போனுக்கும் ஒரு சான்றிதழையும் வைஃபை ப்ரொஃபைலையும் இறக்கிவிடும், நடுவில் கிளவுடில் ஃப்ரீரேடியஸ் என்ற ரேடியஸ் சர்வர் ஒன்று உட்கார்ந்து சரிபார்க்கும். ஆள் எதையும் டைப் அடிக்க வேண்டியதில்லை. ப்ரொஃபைலில் சர்வர் பெயரையும் அது மெய்தான் என்று உறுதி செய்யும் ரூட் சான்றிதழையும் குறிக்க மறந்துவிடாதே. விட்டுவிட்டால், எதிர் மாடியில் எவனாவது நம் வைஃபை பெயரிலேயே (எஸ்எஸ்ஐடி) ஒரு பெட்டியை வைத்தாலும் போன் அதனிடம் போய் ஒட்டிக்கொள்ளும்.

என்னை அலைக்கழித்தது இன்னொன்று. போன்கள் சில இணைந்தன, விண்டோஸ் லேப்டாப் ஒன்றுகூட இணையவில்லை. லாகில் பிழையே கிடையாது. ராத்திரி பதினொன்றரைக்கு நெட்வொர்க்கில் போய் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓடவிட்டுப் பார்த்தேன். சர்வர் தன் சான்றிதழை அனுப்புகிறது, லேப்டாப் தன்னுடையதை அனுப்ப வேண்டிய இடத்தில் மௌனம். சான்றிதழைச் சுமந்த ரேடியஸ் பாக்கெட் ஒரே துண்டாகப் போகக்கூடிய 1500 பைட்டைத் தாண்டி இரண்டாக உடைந்திருக்கிறது, வந்து சேர்ந்ததா என்று பார்க்காத யுடிபி முறையில் இரண்டாவது துண்டை நடுவழியில் எங்கள் ஃபயர்வால் விழுங்கிவிட்டது. முதல் துண்டு மட்டும் வந்து என்ன பிரயோஜனம்? ராட்செக்குக்கு மாற்றினேன். அதே ரேடியஸ்தான், ஆனால் தொலைந்த துண்டை மறுபடி அனுப்பும் டிசிபியில், 2083 போர்ட்டில், டிஎல்எஸ் குறியாக்க உறைக்குள். அன்று காலை ஆறு மணிக்கு வாட்ச்மேனோடு டீ குடித்தேன். அந்த டீயின் ருசியே தனி. 2024-இல் ரேடியஸில் பிளாஸ்ட்ரேடியஸ் என்று ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவந்ததே, ஈஏபியை அது தொடாது, ஆனாலும் ரேடியஸை வெறும் யுடிபியில் இன்டர்நெட்டில் விட எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் ஒரு சோதனை செய்தேன், நீயும் கட்டாயம் செய். என்ட்ராவில் ஒரு டெஸ்ட் கணக்கை முடக்கிவிட்டு அந்தப் போனை எடுத்தேன். ஜம்மென்று வைஃபை ஓடுகிறது! சான்றிதழுக்கு ஒரு வருட ஆயுள், கணக்கு முடங்கிய சேதி அதற்கு எப்படித் தெரியும்? வெள்ளைப் பலகையை அழித்துவிட்டு அதையே ஆளுக்கொன்றாக அச்சடித்துக் கொடுத்தது போல ஆகியிருக்கும். இப்போது ஒவ்வொரு தடவையும் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று ரேடியஸ் சர்வர், என்ட்ராவின் தகவலைத் தரும் கிராஃப் ஏபிஐயைக் கேட்கிறது. ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது வெளியேற்றாது, அதனால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி சரிபார்க்க வைத்திருக்கிறேன்.

பிரிண்டரையும் குடோனில் உள்ள பார்கோடு ஸ்கேனரையும் இதற்குள் இழுக்காதே. தனி விலேன் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்), தனி பாஸ்வேர்டு, இன்டர்நெட் கிடையாது. அவ்வளவுதான்.

உங்கள் ஆக்சஸ் பாயின்ட் மாடலையும் ஃபர்ம்வேர் பதிப்பையும் எழுதி அனுப்பு. ராட்செக் அதில் உண்டா என்று பார்த்துச் சொல்கிறேன். இல்லையென்றால் நடுவில், ரேடியஸை ராட்செக்காக மாற்றி அனுப்பும் ஒரு சின்னப் பிராக்ஸி வைக்க வேண்டியிருக்கும், அதற்கான கான்ஃபிக் என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
பாலு