கோடு போட்டுக் காட்டாத குழாய்க்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்த விவரம் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். அதை உடைத்தது நான் என்று, செலவும் அபராதமுமாக 46,300 ரூபாயை ஏழு நாளுக்குள் கட்டச் சொல்லி எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுத்தான் இந்த மடல்.

நான் ரோட்டைத் தோண்டவில்லை. நான் வீடு கட்டும் என் பட்டா நிலத்தில், எல்லைக்கு இரண்டடி உள்ளே, மழைநீர் சேகரிப்புக் குழிக்காகத் தோண்டினேன். 2003 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம். குழி எங்கே வர வேண்டும் என்று பிளானில் குறித்திருந்த இடத்துக்கு ஒப்புதல் முத்திரை வைத்ததும் உங்கள் அலுவலகம்தான். அதே இடத்தில் மூன்றடி ஆழத்தில் மெயின் குழாய் போகிறது என்று யாரும் சொல்லவில்லை. மேலே அடையாளக் கல் இல்லை, மண்ணுக்குள் எச்சரிக்கை நாடாகூட இல்லை. ஜேசிபியின் பல் பட்டதும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பைப் ஓடு மாதிரி நொறுங்கியது.

அப்புறம் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போன் செய்த முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் திறந்துவிடும் ஊழியர் வந்துவிட்டார். அவர் மேல் எனக்குக் குறையே இல்லை. ஆனால் வால்வு எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை. வால்வுக் குழியின் மூடி மேலேயே போன வருடம் தார் போட்டுவிட்டார்கள். கடப்பாரையால் ரோட்டைத் தட்டித் தட்டி, சத்தம் மாறுகிற இடத்தைத் தேடினார். "முன்னாடி இருந்தவருக்குத்தான் சார் எல்லா லைனும் தெரியும், அவர் ரிட்டயர் ஆயிட்டார்" என்றார். கடைசியில் அவருக்கே போன் போட்டு, மாவு மில்லுக்கு நேர் எதிரே கரண்ட் கம்பத்திலிருந்து நாலு எட்டு என்று அவர் சொல்லச் சொல்லக் கண்டுபிடித்தார். அதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. என் அஸ்திவாரக் குழிகள் நிரம்பி, கட்டி வைத்த கம்பியெல்லாம் சேற்றில் கிடந்தது. தெருவே நான்கு நாள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றது. எதிர் வீட்டுப் பாட்டி, "வீடு கட்டுறேன்னு எங்க வாயில மண்ணைப் போட்டுட்டியேப்பா" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன்.

நோட்டீஸில் 'கவனக்குறைவாக' என்று எழுதியிருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற ஒருவரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிற குழாயை நான் எப்படிக் கவனிப்பது?

தோண்டும் முன் கேட்டிருக்கலாமே என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். பிளானைக் கொடுத்ததே கேட்டதுதான், ஐயா. 2023 மார்ச்சில் பிரதமர் 'கால் பிஃபோர் யு டிக்' என்ற செயலியைத் தொடங்கி வைத்தார். தோண்டப் போகிறவர் அதில் பதிந்தால், அங்கே லைன் வைத்திருக்கிறவர்களுக்குத் தகவல் போகும். தகவல் போகிற இடத்தில் வரைபடமே இல்லையென்றால் என்ன பதில் வரும்? அமெரிக்காவில் 811 என்ற எண்ணுக்குச் சொன்னால் ஆட்கள் வந்து தண்ணீருக்கு நீலம், எரிவாயுவுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு என்று தரையில் கோடு போட்டுவிட்டுப் போகிறார்கள். கோட்டை மதிக்காமல் தோண்டினால் தோண்டியவர் பொறுப்பு. கேட்டும் கோடு போடாமல் விட்டால், பொதுவாக லைனுக்குச் சொந்தக்காரர் பொறுப்பு. நான் கேட்பதும் அந்த நியாயம்தான். கோடு போட்டுக் காட்டிவிட்டு அபராதம் போடுங்கள், கட்டுகிறேன்.

ரோடு போட்ட அடுத்த மாதமே பாதாள சாக்கடைக்குத் தோண்டுகிறார்கள், அப்புறம் கேபிளுக்கு. அப்போது கான்ட்ராக்டர்கள் உடைத்த குழாய்களுக்கு யாரிடம் வசூல் செய்தீர்கள்? வீடு கட்ட நகையை அடகு வைத்தவன்தான் கண்ணுக்குத் தெரிகிறானா? மன்னிக்க வேண்டும், கோபத்தில் வேறு எங்கோ போய்விட்டேன்.

தயவுசெய்து அந்த நோட்டீஸைத் திரும்பப் பெறுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன். அடுத்த மாதம் பக்கத்து மனையில் கடைக்கால் தோண்டப் போகிறார்கள். அதன் வழியாகவும் இதே குழாய்தான் போகிறது. அந்த ஓய்வு பெற்ற பெரியவரை ஒருநாள் கூட்டிவந்து, அவர் காட்டுகிற இடத்தில் சுண்ணாம்புக் கோடாவது போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நகராட்சியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவன்