பார்லிங் கட்டிய இரண்டு பிரம்மாண்டங்கள்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி வந்தது. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொள். நம் சின்னவளுக்கு வரன் அமைந்திருக்கிறது. தை பிறந்ததும் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பையன் வீட்டில் சொல்கிறார்கள். பத்திரிகை அடித்ததும் முதல் பத்திரிகை உனக்குத்தான்.

இப்போது என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் சோதனைக்காகக் கட்டிப் பார்த்துக் கைவிட்ட பெரிய குண்டுவீச்சு விமானங்களைப் பற்றித்தான். அதிலும் வால்டர் பார்லிங் என்ற பொறியாளர் மனதில் உட்கார்ந்துகொண்டு நகர மறுக்கிறார்.

அவருடைய முதல் பெரிய விமானம் இங்கிலாந்தில் உருவான டாரன்ட் டேபர். பெர்லின் வரை போய்க் குண்டு போடுவதற்கென்று தொடங்கினார்கள். கட்டி முடிப்பதற்குள் போரே முடிந்துவிட்டது. முழுக்க மரச்சட்டம். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று இறக்கைகள். அகலம் 40 மீட்டர். நேப்பியர் லயன் எஞ்சின்கள் ஆறு. கீழே நான்கு, மேலே இரண்டு. அந்த மேல் இரண்டும்தான் எமனாக வந்தன. உயரமான அலமாரியை மேல் பக்கத்தில் கை வைத்துத் தள்ளினால் அது நகராமல் கவிழுமே, அதே கணக்குதான். எஞ்சின் இழுக்கும் கோடு விமானத்தின் எடை மையத்துக்கு மிக மேலே போய்விட்டால், அந்த விசை மூக்கைத் தரையை நோக்கி அழுத்தும். போதாததற்கு, வால் பக்கம் கனத்துவிடுமோ என்று பயந்து மூக்கில் ஏறக்குறைய அரை டன் ஈயத்தை வேறு ஏற்றியிருந்தார்கள்.

1919 மே 26, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமானத்தளம். கீழ் எஞ்சின்களால் மைதானத்தில் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பறப்பதற்காக மேல் எஞ்சின்களுக்கும் முழு வேகம் கொடுத்ததும் வால் தூக்கிக்கொண்டது, மூக்கு மண்ணில் குத்தியது. தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. விமானிகள் டன், ராலிங்ஸ் இருவரும் உயிர் பிழைக்கவில்லை.

சுந்தரம், இதற்குப் பிறகு ஒரு மனிதன் மறுபடி வரைபலகை முன்னால் உட்கார எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பார். பார்லிங் உட்கார்ந்தார். அமெரிக்க ராணுவ விமானப் பிரிவின் உயரதிகாரி பில்லி மிட்செல் அவரை அழைத்து, கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றை வடிவமைக்கச் சொன்னார். நியூ ஜெர்சியில் விட்டேமன்-லூயிஸ் நிறுவனம் பாகங்களைச் செய்தது. அவற்றை ரயிலில் ஏற்றி ஒஹையோவுக்குக் கொண்டுபோய்க் கோத்தார்கள். ராணுவம் அதற்கு வைத்த பெயர் எக்ஸ்என்பிஎல்-1. ஊர் உலகத்துக்கு அது 'பார்லிங் பாமர்'.

இதன் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஆறு லிபர்ட்டி எஞ்சின்கள். நான்கு இழுக்க, இரண்டு தள்ள. ஆறும் கீழ் இறக்கைக்கும் நடு இறக்கைக்கும் இடையிலேயே இருக்கின்றன, மேலே ஒன்றுகூட இல்லை. பிறகு சக்கரங்கள். மொத்தம் பத்து. அவற்றில் இரண்டு முன்னால் தனியாக நிற்கின்றன. இறங்கும்போது மூக்கு குத்திக் கவிழாமல் தாங்குவதற்காக. ஃபார்ன்பரோவில் போன இரண்டு உயிர்களை மனதில் வைத்துத்தான் அந்த இரண்டு சக்கரங்களையும் அவர் வரைந்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.

1923 ஆகஸ்ட் 22 அன்று ஹரால்ட் ஹாரிஸும் மியூர் ஃபேர்சைல்டும் அதைப் பத்திரமாக மேலே கொண்டுபோய்ப் பத்திரமாக இறக்கினார்கள். இந்த ஹாரிஸ் சாதாரண ஆள் இல்லை. அதற்கு முந்தைய அக்டோபரில், காற்றிலேயே உடையத் தொடங்கிய விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து உயிர் தப்பியவர். அப்படிப்பட்டவரை நம்பித்தான் இந்த மலையை ஒப்படைத்தார்கள்.

பறந்தது சரி, பயன்படவில்லை. முழுச் சுமையோடு எடை 19 டன்னுக்கு மேல். ஆறு எஞ்சினும் சேர்ந்து 2,500 குதிரைத்திறன் கொடுத்தும் அதிகபட்ச வேகம் மணிக்கு 154 கிலோமீட்டர்தான். முழு அளவு குண்டு ஏற்றினால் 270 கிலோமீட்டர் தூரம்தான் போகும். அப்பலாச்சியன் மலைத்தொடரைத் தாண்டும் உயரத்துக்கு ஏற முடியாமல் வாஷிங்டன் போகும் திட்டமே நின்றுபோனது. காரணம் அந்த மூன்றடுக்கு இறக்கை. இறக்கைகளுக்கு இடையே காடு மாதிரி தாங்குகட்டைகள், கம்பிகள். எஞ்சின் கொடுத்த சக்தியில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே செலவாகிப்போனது. ஃபார்ன்பரோவில் ஆளைக் கொன்ற பிழையைப் பார்லிங் தேடித் திருத்திவிட்டார். ஆளைக் கொல்லாத பிழை அவர் கண்ணில் படவில்லை. அதே மூன்றடுக்கைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

ஆனாலும் இதை வீண் செலவு என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு டன்னுக்கு மேல் குண்டு ஏற்றிய விமானம் எப்படி நடந்துகொள்ளும், எங்கே திணறும் என்பதைக் காகிதக் கணக்கு மட்டும் சொல்லியிருக்காது. 1937-இல் போயிங்கின் எக்ஸ்பி-15 குண்டுவீச்சு விமானம் வந்தபோது, அது ஒற்றை இறக்கை, உலோகச் சட்டம், நான்கே எஞ்சின். அகலமோ 45 மீட்டர். பதினான்கு வருடத்தில் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள்!

பார்லிங் பாமரைக் கழற்றிக் கிடங்கில் போட்டுவைத்தார்கள். அங்கே பொறுப்பில் இருந்த ஹாப் ஆர்னால்ட் அதை எரித்துவிட அனுமதி கேட்டார். நாடாளுமன்றத்தில் சிலருக்கு அந்த விமானத்தின் மேல் இன்னும் அக்கறை இருந்ததால் மறுத்துவிட்டார்கள். அவர் 'பார்லிங்' என்ற பெயரையே எழுதாமல், எக்ஸ்என்பிஎல்-1 என்று மட்டும் குறிப்பிட்டு மறுபடி விண்ணப்பித்தார். அனுமதி வந்துவிட்டது. 1930-இல் எரித்தார்கள். பின்னாளில் அமெரிக்க விமானப்படையையே கட்டி எழுப்பியவர் ஆர்னால்ட். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த ஒன்றை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு இறக்கையையாவது பொறியியல் படிக்கிற பிள்ளைகள் தொட்டுப் பார்க்க விட்டுவைத்திருக்கலாம்.

எக்ஸ்பி-15 பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே குடும்பத்தோடு வந்துவிடு.

என்றும் உன்,
ராமலிங்கம்