தென்னை மரத்துல ரெண்டு ராத்திரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு போட்டோ வந்துச்சு, மரக்கிளைல பூனை உக்காந்துருக்கு, கீழ ஒரு கூட்டம் அண்ணாந்து பாத்துட்டு நிக்குது, அதுக்கு கீழ "ஏறத் தெரிஞ்சுது, இறங்கத் தெரியலயே"ன்னு கேலியா ஒரு வரி. எங்க வீட்டுக்காரரு படிச்சுட்டு சிரிச்சாரு. எனக்கு சிரிப்பு வரல சார், ஏன்னா அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் எங்க கொல்லைல இதே கூத்து நடந்து முடிஞ்சுது, அந்த மூணு நாளு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கொஞ்சம் நீளமா போகும், எடம் இல்லன்னா வெட்டிக்குங்க, ஆனா பூனை ஏன் இறங்கலங்கற பகுதிய மட்டும் வெட்டிராதீங்க.

நாங்க தஞ்சாவூர் மாவட்டத்துல பேராவூரணி பக்கம். 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் அடிச்சப்ப கொல்லைல நின்ன தென்னை எல்லாம் சாஞ்சு போச்சு, ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம், அதுவும் கூன் விழுந்த கெழவியாட்டம் நிக்கும், நாப்பது அடி இருக்கும். அது கொண்டைல எலி குடித்தனம் பண்ணுது, குரும்பையா கொறிச்சு கொறிச்சு கீழ தள்ளுது. எங்க பூனை சாம்பக்கலர்ல வரிவரியா இருக்கும், ஒன்றரை வயசு. எலிக்கு ஆசைப்பட்டு ஏறுச்சோ தெருநாய் தொரத்தி ஏறுச்சோ, ஒரு வியாழக்கிழமை காலைல பால் வைக்க கூப்புடுறேன், சத்தம் வானத்துலேந்து வருது.

அவ்வளவுதான், அரைமணி நேரத்துல கொல்லை பூரா ஆளு. ஆளுக்கொரு யோசனை. ஒருத்தரு கல்லெடுத்து வீசுறாரு, கேட்டா பயந்து இறங்கிடுமாம். பயந்துதானய்யா ஏறிருக்கு! இன்னொரு பையன் தீபாவளி மிச்சம்னு ஒரு வெடிய கொண்டாந்து நிக்கிறான், அத நான் புடுங்கி வாளித் தண்ணில போட்டேன். ரெண்டு பேரு போன்ல வீடியோ. நாலு காக்கா வேற வந்து அத கொத்த ஆரம்பிச்சுது, பூனை இன்னும் உள்ள மட்டை இடுக்குக்கு போயிருச்சு. எல்லாத்தவிட எனக்கு ஈரக்கொலை நடுங்குனது எப்பன்னா, எதிர் வீட்டு அண்ணன் நல்ல மனசோடதான், அலுமினிய பைப்புல கட்டுன தொரட்டிய தூக்கிட்டு வந்தாரு, மரத்துக்கு பக்கத்துலயே ஈபி லைன் போகுது. அண்ணே வேணாம் வேணாம்னு கத்துன கத்துல பூனையே கத்துறத நிறுத்திருச்சு.

இப்ப அந்த ஏன் இறங்கலங்கற விஷயம். இத எனக்கு சொன்னது கால்நடை டாக்டரம்மா. பூனை நகம் கொக்கி மாதிரி பின்னாடி பாத்து வளைஞ்சிருக்கும். ஏறும்போது அந்த கொக்கி மரத்துல நல்லா மாட்டும், பின்னங்கால் உந்தித் தள்ளும், சர்ருன்னு போயிரும். தலைகீழா இறங்கப் பாத்தா அதே கொக்கி மாட்டாது, வழுக்கும். அணில் பாருங்க, தலைகீழா ஜம்முன்னு ஓடியாரும், அதுக்கு பின்னங்கால் பாதம் பின்னாடி திரும்பும், வீட்டுப் பூனைக்கு அப்படி திரும்பாது. அதனால பூனை இறங்கணும்னா பின்பக்கமா, நாம ஏணில இறங்குற மாதிரி, தலை மேலயும் வாலு கீழயுமா இறங்கணும். சில பூனைக்கு அது வந்துரும், சிலதுக்கு வராது. மாமரம் வேப்பமரம்னா கிளைக்கு கிளை தாவியாச்சும் பாதி தூரம் வந்துரும், தென்னைல கிளை ஏது? கீழ நாயும் கூட்டமும் நின்னா இறங்கத் தெரிஞ்ச பூனை கூட இறங்காது.

பூனை எப்படி விழுந்தாலும் காலை ஊணித்தான் விழும், மரத்த ஆட்டுங்கன்னு ஒருத்தரு ஒரே பிடிவாதம். காலை ஊணுறது நெசந்தான், ஆனா ஊணுன கால் ஒடியாதுன்னு யாரு சொன்னா? நியூயார்க்ல 1987ல மாடிலேந்து விழுந்த 132 பூனைய வச்சு டாக்டருங்க ஒரு ஆராய்ச்சி எழுதுனாங்களாம், சிகிச்சை குடுத்ததுல நூத்துக்கு தொண்ணூறு பொழச்சிருக்கு. எம் பொண்ணு போன்ல தேடி படிச்சுக் காட்டுனா. ஆனா அதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு வந்த கணக்கு, விழுந்த எடத்துலயே செத்தத யாரு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போவா? பொழச்சதுலயும் நெஞ்சு அடிபட்டது, தாடை, பல்லு போனதுன்னு நெறைய.

முதல் நாள் ராத்திரி கூட்டத்த அனுப்பிட்டு, நாய கட்டிட்டு, லைட்ட அணைச்சுட்டு, மரத்தடில மத்தி மீன் தலை வச்சுட்டு உள்ள போயிட்டோம். பாதி பூனை இப்படியே ராத்திரி தானா இறங்கிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. எங்களது மிச்ச பாதி போல. வெள்ளிக்கிழமை தீயணைப்புக்கு, 101க்கு போன் போட்டோம், வண்டி வைக்கப்போர் தீப்புடிச்ச எடத்துக்கு போயிருக்கு, முடிச்சுட்டு வர்றோம்னாங்க. நானே அவசரமில்ல சார்னு சொல்லிட்டேன், ஒருத்தர் வீட்டு வைக்கப்போர் எரியறப்ப என்னத்த பேசுறது. ஆனா உள்ளுக்குள்ள பதட்டம், பூனை ரெண்டு மூணு நாளு பட்டினி கெடந்தா ஒடம்புக் கொழுப்பு ஈரலுக்கு போயி சேந்து ஈரலே கெட்டுப் போகுமாம், குண்டுப் பூனைக்கு இன்னும் மோசமாம். எங்களது குண்டுதான்.

சனிக்கிழமை காலைல நாப்பத்தஞ்சு நாளுக்கு ஒருக்கா எங்களுக்கு காய் வெட்ட வர்ற அண்ணன் கெடச்சாரு. நான் நெனச்சேன் ஏறுவாரு, புடிப்பாரு, சாக்குல போட்டு கொண்டாருவாருன்னு. அவரு பூனைய நல்லா பாத்துட்டு சொன்னாரு, "அக்கா, நான் கிட்ட போனா அது மட்டை நுனிக்கு போயிரும், பழுத்த மட்டைன்னா மட்டையும் பூனையும் சேந்து வரும். பொறாண்டுச்சுன்னா நான் கைய விட்டுருவேன், அப்ப நானும் வருவேன்". படிச்சவங்க பத்து பேருக்கு வராத யோசனை.

அவரு கேட்டது ரெண்டே சாமான். எங்க கிணத்து ராட்டினக் கயிறு, இன்னொரு கயிறோட முடிஞ்சு நூறடி ஆக்குனோம், ஒரு மூங்கில் கூடை. கூடை உள்ள சாக்கு விரிச்சு, நான் போட்டுக்கிட்டு இருந்த பழைய புடவைத் துணி, அதுல என் வாசம் இருக்குமாம், மேல மீனு. ஏறி பூனைக்கு எதிர்ப்பக்கமா ஒரு பச்சை மட்டை அடில கயித்த போட்டுட்டு வந்துட்டாரு. கூடைய மேல இழுத்து கொண்டைக்கு ஒட்டுனாப்ல நிறுத்தி, கயித்த கொய்யா மரத்துல கட்டிட்டு எல்லாரும் உள்ள போயி கதவ சாத்திக்கிட்டோம். மத்தியானம் ஒண்ணும் இல்ல. நாலு மணிக்கு ஒண்ணும் இல்ல. பொழுது சாயுறப்ப ஜன்னல் வழியா பாக்குறேன், கூடை ஆடுது. வீட்டுக்காரரு செருப்பு கூட போடாம ஓடுனாரு, மெதுவா மெதுவா கயித்த விட்டாரு, ஆளு ஒசரம் வந்ததும் குதிச்சு நேரா அடுப்படிக்கு ஓடிருச்சு.

நான் சும்மா இருந்துருக்கணும். பாசத்துல போயி வாரி எடுத்தேன், மொழங்கை வரைக்கும் பொறாண்டி எடுத்துருச்சு. நம்ம பூனைதானேன்னு விடாதீங்க, சோப்பு போட்டு ஓடுற தண்ணில பதினஞ்சு நிமிசம் கழுவிட்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு போனேன், வெறிநாய்க்கடிக்கு போடுற அதே ஊசி, காசு கெடையாது, அன்னைக்கு ஒண்ணு, அப்புறம் மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள்.

சார், அடுத்த தடவ இந்த மாதிரி போட்டோ போட்டீங்கன்னா கீழ ஜோக்குக்கு பதிலா 101 நம்பரும், கால்நடை ஆம்புலன்ஸ் 1962 நம்பரும் போடுங்க. எடம் இருந்தா "கூட்டம் போடாதீங்க"ன்னும் ஒரு வரி.

மரம் ஏறுற அண்ணன் பூனைக்குன்னு காசு வாங்க மாட்டேன்னுட்டாரு, போற போக்குல ஒண்ணு சொல்லிட்டு போனாரு. மரத்த சுத்தி ஆளு ஒசரத்துக்கு மேல ஒரு தகரத்த வளைச்சு அடிச்சா எலிக்கு கால் புடிக்காது, ஏற முடியாது, பூனைக்கும் அதே கதிதானாம். இத ஒரு வருசம் முன்னாடி சொல்லிருக்கலாமேண்ணேன்னு கேட்டேன், நீங்க காய் மட்டும்தானக்கா வெட்டச் சொன்னீங்கன்னுட்டாரு. தகரம் அடிச்சாச்சு. பூனை தெனம் சாயந்தரம் அதுக்கு கீழ உக்காந்து மேலயே பாத்துட்டு இருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பேராவூரணி பக்கம்