குறிஞ்சா இலையும் கிளினிக் குளிசையும்

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

நீ கேட்ட சலரோக (நீரிழிவு) மூலிகைப் பொடியை நான் அனுப்பவில்லை. குரக்கன் மா, வெந்தயம், நிழலில் காயவிட்ட குறிஞ்சா இலை மூன்றும் பார்சலில் வருகுது. பொடியை ஏன் விட்டேன் என்பதை வாசித்துவிட்டுக் கோவி.

அந்தப் பக்கற்றில் சேர்மானமும் இல்லை, திகதியும் இல்லை. "எல்லாம் மூலிகைதான்" என்கிறார்கள். சித்த மருத்துவத்தில் பாதரசமும் பாசாணமும் (நச்சுக் கனிமங்கள்) சேரும் செந்தூரப் பொடிகள் உண்டு. அவற்றின் நஞ்சை முறிக்கிற சுத்திமுறை பிழைத்தால் அது சிறுநீரகத்துக்கு நஞ்சு. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பொஸ்ரன் பக்கத்துக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. இன்னொரு களவும் உண்டு. கிளிபென்கிளமைட் போன்ற இங்கிலிஷ் குளிசையையே அரைத்துப் பொடிக்குள் கலப்பார்கள். சீனி மளமளவென்று இறங்கும், பொடிக்குப் பெயர் வந்துவிடும்.

இதற்காகப் பரியாரிமார் எல்லாரையும் தள்ளிவிடச் சொல்லவில்லை. இங்கே 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டப்படி பதிவு பெற்ற சித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். பதிவு இலக்கத்தைச் சொல்லி, என்ன சேர்த்தது என்று எழுதித் தருகிறவரிடம் கேட்கலாம். கேட்டவுடன் முகம் சுளிக்கிறவரின் மருந்து வேண்டாம்.

கிளினிக்கில் தந்த சலரோகக் குளிசை மெற்போமின் வயிற்றைப் புரட்டுகிறது, அதனால் நிறுத்தப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். கனபேர் பொடிக்குப் போவது இந்த வயிற்றுக் குமட்டலால்தான். வெறும் வயிற்றில் போட்டாலோ, எடுத்த எடுப்பில் அளவைக் கூட்டினாலோ அப்படித்தான் செய்யும். சாப்பாட்டின் நடுவிலோ முடிவிலோ போடு. 500 மில்லிகிராம் ஒன்றில் தொடங்கி, கிழமைக்கு ஒரு படியாகக் கூட்ட முடியுமா என்று டொக்டரிடம் கேள். மெல்லக் கரையும் வகையும் உண்டு, அது வயிற்றுக்குச் சுகம். வாந்தி, வயிற்றோட்டம் வந்து உடம்பு வற்றினால் மட்டும் உடனே போன் எடுத்து, அன்றைக்கு நிறுத்தவா என்று கேட்க வேண்டும். பல வருடம் போடுகிறவர்களுக்கு வைற்றமின் பி12 குறையலாம். காலில் எறும்பு ஊருமாப்போல இருந்தால் அதையும் சோதிக்கச் சொல்லு. இந்த மெற்போமினுக்கும் மூலம் ஒரு செடிதான், ஐரோப்பாவில் முளைக்கிற கலேகா. ஆனால் அந்தச் செடியை அப்படியே தின்ற ஆடுமாடு செத்திருக்கு. அதிலிருந்த பொருளைப் பார்த்துச் செய்து, அளந்து, 1957இல் பிரான்சில் மருந்தாக்கினார்கள். இலையில் இல்லாத அந்த அளவுதான் குளிசையில் இருக்கிறது.

இனிக் குறிஞ்சா. சிறுகுறிஞ்சா இலை இரண்டை மென்றுவிட்டு நாக்கில் கொஞ்சம் சீனி வைத்துப் பார்: மணல் மாதிரிக் கிடக்கும். அரை மணித்தியாலம்வரை இனிப்பே தெரியாது. இதைப் பார்த்துத்தான் சனம் "சீனியைக் கொல்லுது" என்று நம்பிப்போச்சு. மறைந்தது நாக்கின் ருசி, இரத்தத்துச் சீனி அல்ல. இரத்தத்திலும் ஓரளவு குறைக்கும் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன, ஆனால் குளிசையின் இடத்தில் வைக்கிற அளவுக்கு அல்ல. கறியாகச் சாப்பிடு. காய்ந்த இலையை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாயோடு வறுத்து, இறக்கினபிறகு தேசிக்காய்ப் புளி விடு. ஒரு கைப்பிடி போதும். சாறாக்கி டம்ளர் டம்ளராகக் குடிக்க வேண்டாம். காமரங்காய், பிளிம்பிக்காயைச் சாறாகக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் இருக்கிறார்கள். காரணம் தெரியாத சிறுநீரக நோயை வவுனியாப் பக்கம் பார்த்த எங்களுக்கு அந்தப் பயம் கூட.

உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆசையென்றால் குளிசையை நிறுத்தாமல் பார். ஒரே நேரத்தில் நாலைந்தைத் தொடங்காதே. எது குறைத்தது என்று தெரியாமல் போகும். முதலில் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தச் சோதனை) எடு, மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடு. இடையில் காலை வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்திலும் மீற்றரில் பார்த்துக் கொப்பியில் எழுது. உங்கள் ஊர் மீற்றர் மில்லிமோலில் காட்டுகிற இலக்கத்தை 18ஆல் பெருக்கினால் எங்கள் மில்லிகிராம் இலக்கம்: 7 என்றால் 126.

சீனியை இறக்கும் இன்னொரு குளிசை, கிளிக்கிளசைட்டும் தந்திருக்கிறார்கள் என்றாயே, கவனம் அங்கேதான் வேண்டும். அதோடு பாகற்காய்ச் சாறோ குறிஞ்சாவோ சேர்ந்தால் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கலாம். கை நடுங்கி, வியர்த்து, மீற்றரில் 4க்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடி, 15 நிமிடத்தில் திரும்பப் பார். அடிக்கடி இறங்கினால் குளிசையைக் குறைப்பது டொக்டரின் வேலை. அதற்கு நீ என்ன சாப்பிடுகிறாய் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "உந்த இலைகுழையை விடுங்கோ" என்று எரிந்து விழுகிற டொக்டர்மாரும் இருக்கிறார்கள்தான். அவர்களிடம் நோயாளி அடுத்தமுறை வாயே திறக்கமாட்டார். நீ அப்படி மறைக்காதே, பக்கற்றையே கொண்டுபோய்க் காட்டு.

குரக்கனும் மாச்சத்துத்தான். குரக்கன் புட்டு என்று இரண்டு கோப்பை சாப்பிட்டால் அரிசிப் புட்டுப்போல ஏறும். மாவைப் பிரிட்ஜில் வை, வண்டு பிடிக்கும். பி12 சோதித்தால் றிசல்ட்டை எழுது.

அன்புடன்,
அம்மா